ஜெட் ஸ்கீக்கு ஸ்டார்ட்டிங் ட்ரபிள்

மருமகள்: ...அதான் கேக்கறேன். இந்த நேரத்துல படகுக் கொட்டகையில உங்களுக்கு என்ன வேலை, அத்தை?

மாமியார்: தூசு தட்ட வந்தேன்.

மருமகள்: துணி எங்க?

மாமியார்: எந்தத் துணி?

மருமகள்: தூசு தட்டுற துணி. கையில ஒண்ணையும் காணோமே... கட்டை விரல் மட்டும் ஸ்டார்ட் பட்டன் மேல இருக்கு.

மாமியார்: அதுலதான் தூசு. ஊதிப் பார்த்தேன், போகல. அது இருக்கட்டும், நீ எதுக்கு வந்தே? சாப்பிட்டதும் தலை சுத்துதுன்னு போய்ப் படுத்தியே?

மருமகள்: நானும்... தூசு தட்டத்தான்.

மாமியார்: உன் துணி எங்க?

மருமகள்: நானும் ஊதத்தான் வந்தேன்.

மாமியார்: சரி, விடு. வந்ததும் வந்தே, ஒரு விஷயம் சொல்றேன். பதறாதே. இது ஸ்டார்ட் ஆகல.

மருமகள்: ஆகலையா? ஐயையோ! வாங்குறவர் நாலு மணிக்கு வந்துடுவாரே! இப்பவே மூணு.

மாமியார்: அதான் எனக்கும் கவலை. இன்னிக்கு இந்த ஜெட் ஸ்கீயை வித்தே ஆகணும். மூணு வருஷமா கொட்டகையை அடைச்சுக்கிட்டு நிக்குது, யாருக்கு என்ன பிரயோஜனம்?

மருமகள்: அதானே? ஏரித் தண்ணியில ஓடுற ஸ்கூட்டர் நமக்கு எதுக்கு? நானும் அதைத்தான் தினம் அவர் காதுல ஓதினேன்.

மாமியார்: நீ காலையில ஓதினே, நான் சாயங்காலம் ஓதினேன். ரெண்டு காதும் ரொம்பி வழிஞ்சப்புறம்தான் விக்கவே ஒத்துக்கிட்டான், பாவம்.

மருமகள்: பாவமென்ன பாவம்? நாலு மாசமா அவர் இதுல ஏறி உக்காரக்கூட இல்ல. ஆபீஸ், ஆபீஸ், ஆபீஸ்.

மாமியார்: வர்றவரு முதல்ல இஞ்சின் சத்தத்தைக் கேக்கணும்னாராம். ஓடலன்னா தொடவே மாட்டாராம்.

மருமகள்: அப்படியா சொன்னார்? தொடவே மாட்டாராமா?

மாமியார்: ஏன், சந்தோஷமா கேக்கற மாதிரி இருக்கு?

மருமகள்: சேச்சே! வருத்தமா கேட்டேன். என் குரலே அப்படித்தான்... சரி, நாமளே பார்த்துடுவோம். அந்த அலமாரியில புத்தகம் இருக்கும், எடுங்க.

மாமியார்: விடேன். நமக்கு என்ன தெரியும்? அவன் வந்து பார்த்துக்கட்டும்.

மருமகள்: விக்கணும்னு நீங்கதானே துடிக்கிறீங்க?

மாமியார்: துடிக்கத்தான் துடிக்கிறேன்! இந்தா புத்தகம்... நீயே படி. எனக்குக் கண்ணாடி வீட்டுக்குள்ள இருக்கு.

மருமகள்: ம்... இதோ. "வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால், முதலில் கயிற்றுக் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கவும்."

மாமியார்: மாட்டியிருக்கு. ஒரு முனை என் கையில, ஒரு முனை வண்டியில. ஓட்டுறவன் தண்ணியில விழுந்தா இது புடுங்கிக்கும், இஞ்சின் நின்னுடும்.

மருமகள்: அடேங்கப்பா. எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க.

மாமியார்: அவன் சொல்லிக் கேட்டிருக்கேன். அடுத்து என்ன?

மருமகள்: "மீட்டர் திரையே எரியாவிட்டால் பாட்டரியைச் சோதிக்கவும்." எரியல. இருங்க, சீட்டைத் தூக்கறேன்... ம். வந்துடுச்சு.

மாமியார்: ஏம்மா, பின்பக்கமா கையை விட்டு ஒரே தட்டுல கழட்டிட்டியே! அந்தக் கொக்கி எங்க இருக்குன்னு தேட எனக்கே... அவனுக்கே முதல் நாள் அரை மணி நேரம் ஆச்சு.

மருமகள்: ஒரு குத்துமதிப்பா கையை விட்டேன். பாருங்க, அத்தை! பாட்டரி வயர் கழண்டு தொங்குது!

மாமியார்: எங்க? அட, ஆமா. குலுங்கிக் குலுங்கிக் கழண்டிருக்கும்.

மருமகள்: நாலு மாசமா நின்ன இடத்துலயே நிக்கிற வண்டி எதுல குலுங்கும்?

மாமியார்: பூமி சுத்துதுல்ல...

மருமகள்: இதை முறுக்க ஸ்பானர் வேணுமே. எத்தனாம் நம்பரோ?

மாமியார்: பத்து.

மருமகள்: அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாமியார்: ஒரு குத்துமதிப்புதான்! உனக்கு மட்டும்தான் குத்துமதிப்பு வருமா?

மருமகள்: அத்தை, உங்க இடுப்புல என்ன துருத்திக்கிட்டு இருக்கு?

மாமியார்: சாவிக்கொத்து.

மருமகள்: சாவிக்கொத்துல பத்துன்னு போட்டிருக்கே.

மாமியார்: இது... எப்படி வந்துச்சு? காலையில பெருக்கும்போது கீழ கிடந்துச்சு. யாராவது மிதிச்சுடப் போறாங்களேன்னு செருகிக்கிட்டேன். கேள்வி கேட்டே நேரத்தை ஓட்டாதே, இந்தா, முறுக்கு.

மருமகள்: முறுக்கியாச்சு... ஃபோன் அடிக்குது. அவர்தான். ஸ்பீக்கர்ல போடறேன். சொல்லுங்க!

மகன்: என்ன, எங்க இருக்கே? குரல் எதிரொலிக்குது.

மருமகள்: கொட்டகையிலங்க. நானும் அத்தையும்.

மகன்: கொட்டகையிலயா? அங்க என்ன பண்றீங்க?

மாமியார்: உன் வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுடா. ரிப்பேர் பண்ணிட்டு இருக்கோம்.

மகன்: ரிப்பேரா? எதுக்கும்மா உங்களுக்கு இந்தத் தேவையில்லாத வேலை? விட்டுட்டு உள்ள போங்க.

மருமகள்: பாட்டரி வயர் கழண்டிருந்துச்சுங்க. முறுக்கிட்டோம்.

மகன்: பாட்டரி வயரா? அது எப்படிக் கழலும்? அது நல்லாத்தானே... சரி, அதோட நிறுத்திக்கோங்க. வேற எதையும் தொடாதீங்க.

மாமியார்: ஏண்டா?

மகன்: ஷாக் அடிக்கும்மா.

மருமகள்: பன்னெண்டு வோல்ட்டுங்க. என்னத்த அடிக்கப் போகுது?

மகன்: பன்னெண்டும் அடிக்கும்! எனக்கு அடிச்சிருக்கு! இங்க பாருங்க, வாங்க வர்றவரைக் கூட்டிட்டுக் கிளம்பிட்டேன். நான் முன்னாடி வர்றேன், அவர் கார் பின்னாடி வருது. ஸ்டார்ட் ஆகலன்னா ஆகலன்னு சொல்லி அனுப்பிடுவோம். அதுக்காக யாரும் உயிரை விட வேணாம். வெச்சுடறேன்.

மாமியார்: கட் பண்ணிட்டானா?

மருமகள்: பண்ணிட்டாரு. நம்ம மேல எவ்வளவு அக்கறை பார்த்தீங்களா?

மாமியார்: ம்... பொறந்த நாள்லேருந்து இல்லாத அக்கறை. சரி, அவனே தொடாதேன்னுட்டான். வா, போவோம்.

மருமகள்: போவோம்... ஆனா நாம விக்கணும்னு ஆசைப்படலன்னு நெனச்சுக்குவாரோ?

மாமியார்: நெனச்சாலும் நெனப்பான். சரி... ஒரே ஒரு தடவை பட்டனை அமுக்கிப் பாரு. பேருக்கு.

மருமகள்: பேருக்குத்தான் அமுக்கறேன்... இல்ல. திரை எரியவேயில்ல.

மாமியார்: அப்பா... அப்படியா? பாட்டரி முறுக்கியும் எரியலையா? அது எப்படி?

மருமகள்: நீங்க ஏன் இவ்வளவு ஆச்சரியப்படறீங்க?

மாமியார்: பாட்டரிதான் காரணம்னு உறுதியா இருந்தேன்மா! நான்... நீ படிச்சியே, அதை வெச்சுச் சொல்றேன்.

மருமகள்: அடுத்த வரியில, "பாட்டரி சரியாக இருந்தும் திரை எரியாவிட்டால் மெயின் ஃபியூஸைப் பார்க்கவும். பாட்டரிக்குப் பக்கத்தில் கறுப்புப் பெட்டி." இதான் பெட்டி. திறக்கறேன்... அத்தை.

மாமியார்: என்ன?

மருமகள்: ஃபியூஸ் இல்ல.

மாமியார்: எரிஞ்சு போச்சா?

மருமகள்: எரியல. இடமே காலி. பல் விழுந்த மாதிரி இருக்கு.

மாமியார்: ஓஹோ...

மருமகள்: என்ன ஓஹோ?

மாமியார்: ஒண்ணுமில்ல. நீ சொல்லு.

மருமகள்: நான் என்ன சொல்றது? நீங்கதான் சொல்லணும்.

மாமியார்: எனக்கென்ன தெரியும்? எனக்குப் பத்தாம் நம்பர் ஸ்பானர்தான் தெரியும்.

மருமகள்: மூடியில ஒரு ஸ்பேர் ஃபியூஸ் செருகி வெச்சிருக்கு. ஐயோ.

மாமியார்: எதுக்கு ஐயோ? நல்லதுதானே? போடு.

மருமகள்: நீங்க போடுங்க அத்தை. பெரியவங்க கை.

மாமியார்: சின்னவங்க கண்ணுக்குத்தான்மா தெரியும். போடு, போடு.

மருமகள்: பழசா இருக்குமோ? வேலை செய்யாதோ?

மாமியார்: செய்யாதுன்னுதான் நானும் நெனைக்கிறேன். போடு.

மருமகள்: போட்டாச்சு... ஐயோ, பீப்புங்குது!

மாமியார்: திரையும் எரிஞ்சுடுச்சே! நாசமாப் போச்சு... போன உயிர் திரும்பி வந்துச்சுன்னேன். அமுக்கு, அமுக்கு.

மருமகள்: அமுக்கறேன்... டர்ர்ர்ர்ருங்குது, ஆனா புடிக்கல. அவ்வளவுதான் அத்தை. இதுக்கு மேல நம்மால ஆகாது. மெக்கானிக் வந்தாதான் ஆகும். வாங்க, முகம் கழுவிக்கலாம்.

மாமியார்: இரு, இரு. அடுத்த வரி என்ன?

மருமகள்: அடுத்த வரி... எழுத்து அழிஞ்சிருக்கு.

மாமியார்: கொடு இங்க. "சுற்றியும் பிடிக்காவிட்டால் பிளக் தொப்பிகளைப் பார்க்கவும்." தெளிவா இருக்கே!

மருமகள்: கண்ணாடி உள்ள இருக்குன்னீங்க?

மாமியார்: கிட்டத்துல தெரியும். தள்ளு... ஏம்மா. பிளக் ரெண்டு. ரெண்டுக்கும் மேல இருக்க வேண்டிய தொப்பி ரெண்டும் கழண்டு பக்கத்துல கிடக்கு.

மருமகள்: எலியா இருக்கும்.

மாமியார்: எலின்னா கடிச்சிருக்கும். இது கழட்டியிருக்கு. கழட்டி, வயரை அழகா மடிச்சு, ரப்பர் பேண்டு வேற போட்டிருக்கு. உன் தலையில போடுற ரப்பர் பேண்டு.

மருமகள்: அத்தை... நல்ல எலி போலிருக்கு...

மாமியார்: உன்னைப் பேசிக்கறேன் அப்புறம். தொப்பியை மாட்டிட்டேன். இப்ப அமுக்கு.

மருமகள்: வேணாம் அத்தை.

மாமியார்: அமுக்குன்னேன்!

மருமகள்: ஆஆ! ஓடிடுச்சு! ஓடிடுச்சு! காது போகுது!

மாமியார்: நிறுத்து! தண்ணி இல்லாம பதினஞ்சு செகண்டுக்கு மேல ஓட விட்டா சீல் வெந்துடும்! கிளிப்பைப் புடுங்கு!

மருமகள்: புடுங்கிட்டேன்... அப்பாடி.

மாமியார்: நல்ல சத்தம்ல?

மருமகள்: நல்ல சத்தம், அத்தை.

மாமியார்: நாலு மணிக்கு அந்த மனுஷன் இதைக் கேட்டா விடுவானா? அப்படியே கட்டி இழுத்துட்டுப் போயிடுவான்.

மருமகள்: அத்தை, ஏன் அழறீங்க?

மாமியார்: யாரு அழறா? புகை. அந்தத் திரையில என்னமோ எண் மின்னுதே, என்ன அது?

மருமகள்: வண்டி மொத்தமா எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டுது. அறுபத்தொண்ணு. போன தடவை சர்வீஸ் பண்ணினப்ப மெக்கானிக் சீட்டுக்கு அடியில எழுதி ஒட்டியிருக்காரு பாருங்க... முப்பத்தெட்டு. அத்தை!

மாமியார்: என்ன?

மருமகள்: சர்வீஸுக்கு அப்புறம் அவர் இதைத் தொடவேயில்ல. அப்போ இருபத்து மூணு மணி நேரம் யார் ஓட்டினது?

மாமியார்: யாரு? ரப்பர் பேண்டு போட்ட எலியா இருக்கும்.

மருமகள்: எலி ஒம்பது மணி நேரம்தான் ஓட்டிச்சு!

மாமியார்: என்னது, ஒம்பதா?

மருமகள்: சத்தியமா அத்தை. செவ்வாய், வியாழன். யோகா கிளாஸ்னு சொல்லிட்டுப் போறேனே, அப்ப. கணக்கு வெச்சிருக்கேன். ஒம்பதுக்கு மேல பத்து நிமிஷம் கூட இல்ல. மீதி பதினாலு எங்கேருந்து வந்துச்சு?

மாமியார்: திங்கள், புதன், வெள்ளி. வாக்கிங் போறேன்னு சொல்லிட்டுப் போறேனே... அப்ப.

மருமகள்: அத்தை!

மாமியார்: கத்தாதே.

மருமகள்: மூட்டு வலிக்கு வாக்கிங் போங்கன்னு டாக்டர் சொன்னாருன்னு...

மாமியார்: டாக்டரும் இல்ல, மூட்டும் இல்ல. தோள்பட்டைதான் நெஜமா வலிக்குது. வண்டியைச் சரிவுல தள்ளினா தானா தண்ணிக்குள்ள போயிடுது. திரும்ப மேல இழுக்கத்தானே அந்த இழுவைக் கயித்துக் கைப்பிடியைச் சுத்தணும்?

மருமகள்: அந்தத் தோளுக்கு ரெண்டு மாசமா ராத்திரி ராத்திரி தைலம் தேய்ச்சுவிட்டது யாரு? நான்! தேய்ச்சுட்டு என் தோளுக்கு யார் தேய்ப்பான்னு நொந்துக்கிட்டே படுத்தேன்!

மாமியார்: சொல்லியிருந்தா நான் தேய்ச்சிருப்பேனே.

மருமகள்: எப்படிச் சொல்றது, யோகா பண்ணினா தோள் வீங்கும்னா?

மாமியார்: இரு... அப்போ லைஃப் ஜாக்கெட் எப்பப் பார்த்தாலும் ஈரமா இருந்துச்சே? நான் கூரைதான் ஒழுகுதுன்னு நெனச்சு ஆள் விட்டு ஓட்டை தேடச் சொன்னேன்.

மருமகள்: அந்த ஆள் ரெண்டு நாள் கூரை மேலேயே உக்காந்திருந்ததால என் வியாழக்கிழமை போச்சு. பெட்ரோல்? பெட்ரோல் நீங்க ஊத்தினீங்களா?

மாமியார்: பாதி டேங்க் காலியானா ஊத்திடுவேன். அவன் பார்த்துடக்கூடாதே.

மருமகள்: நானும் பாதியானா ஊத்திடுவேன்! அதான் குறையவே மாட்டேங்குதேன்னு... என்ன மைலேஜ், என்ன வண்டின்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் பெருமையடிச்சேன், அத்தை! ரெண்டு பேர் என் பேச்சைக் கேட்டு இதே மாடல் வாங்கலாமான்னு யோசிக்கறாங்க!

மாமியார்: சிரிக்க வைக்காதே. வயிறு வலிக்குது. அப்போ ஏரி நடுவுல கீச்சுக் கீச்சுன்னு கத்தறது நீதானா? வாசல்ல நின்னு கேப்பேன். ஏதோ வெளியூர்ப் பறவை வந்திருக்குன்னு பக்கத்து வீட்டம்மாகிட்ட சொன்னேன். அவங்க பைனாகுலர் வாங்கிட்டாங்க.

மருமகள்: அங்க போய்க் கத்தினாதான் எனக்கு நெஞ்சு காலியாகும். ஆனா அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா? உங்களுக்கு எப்படி இந்த ஆசை வந்துச்சு?

மாமியார்: இது வாங்கின புதுசுல, நான் ஒரு ரவுண்டு ஓட்டட்டுமாடான்னு அவன்கிட்ட கேட்டேன். சிரிச்சான். வேற ஒண்ணும் சொல்லல. "நீயாம்மா?"ன்னு சிரிச்சான். அந்தச் சிரிப்பு அடங்கறதுக்குள்ள ஓட்டிக் காட்டணும்னு தோணுச்சு. கத்துக்கிட்டப்புறம், அவனுக்குக் காட்டணும்கிறதே மறந்து போச்சு. அங்க தண்ணி மேல இருக்கறப்ப நான் யாருக்கும் அம்மா இல்ல, மாமியார் இல்ல. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியான்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. நீ?

மருமகள்: என்னைப் பின்னாடி உக்காரச் சொன்னாரு. எனக்குப் பின்னாடி உக்காரப் புடிக்கல. அதைச் சொல்ல வாய் வரல. தண்ணின்னாலே பயம்னு சொல்லிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாத்தறேன் பேர்வழின்னு இன்னிவரைக்கும் அவர் முன்னாடி பக்கெட் தண்ணியைக் கண்டாலும் ஒதுங்கி நிக்கறேன்.

மாமியார்: ஆமா... அப்புறம் ஏண்டியம்மா தினம் காலையில "வித்துடுங்க வித்துடுங்க"ன்னு பாட்டு?

மருமகள்: சந்தேகம் வரக்கூடாதுன்னுதான். நீங்க?

மாமியார்: அதேதான். நீ பாடறதைக் கேட்டு, நாம பாடலன்னா மாட்டிக்குவோமேன்னு நான் ஒரு படி மேல போய்ப் பாடினேன்.

மருமகள்: உங்களை மிஞ்சணும்னு நான் இன்னும் சத்தமா...

மாமியார்: நல்ல மனுஷன், நம்பிட்டான். நம்ம நாக்குலதான் சனி. நம்ம வண்டியை நாமளே விக்க வெச்சுட்டோம்.

மருமகள்: இப்ப அவர்கிட்ட நேரா சொல்லிட்டா என்ன?

மாமியார்: எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு? மூட்டு வலி மாத்திரையை அவன் கையாலேயே வாங்கியிருக்கேன். சாப்பிடாம டப்பா டப்பாவா அலமாரியில இருக்கு. நீ சொல்லுவியா?

மருமகள்: நானா? அடுத்த வாரம் தண்ணி பயம் போறதுக்கு ஒரு நிபுணர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்காரு...

மாமியார்: மணி என்ன?

மருமகள்: நாலாக எட்டு நிமிஷம்.

மாமியார்: அப்போ பேசிட்டு நிக்கற நேரமா இது? வேலையைப் பாரு! பாட்டரி வயர் என் பொறுப்பு. தொப்பி ரெண்டையும் நீ கழட்டு. ரப்பர் பேண்டு போடாதே!

மருமகள்: அத்தை, இதுக்குத்தான் காலையில தனியா வந்து கழட்டினேன். இப்ப ரெண்டு பேரா சேர்ந்து கழட்டறோம்.

மாமியார்: ரெண்டு பேர்னா வேலை சீக்கிரம் முடியும். கழட்டு.

மருமகள்: வாங்க வர்ற மனுஷன் பாவம் இல்லையா? அவ்வளவு தூரத்துலேருந்து வர்றாரு.

மாமியார்: பாவம்தான். நல்ல காபியா போட்டுக் கொடுத்து அனுப்புவோம். எனக்கு இது இல்லாம போச்சுன்னா, காலையில எழுந்துக்க ஒரு காரணம் இருக்காதும்மா. நெஜமாவே சொல்றேன்.

மருமகள்: எனக்கு மட்டும் இருக்குமா... இந்தாங்க, தொப்பி ரெண்டும் கழண்டாச்சு. அந்த ஃபியூஸையும் எடுத்துடுங்க, பழையபடி.

மாமியார்: நீயே எடு. மொதல்ல எடுத்தது நீதானே?

மருமகள்: நானா? நீங்கதானே எடுத்தீங்க?

மாமியார்: நான் எடுத்திருந்தா இவ்வளவும் ஒத்துக்கிட்டவ அதை மட்டும் எதுக்கு மறைக்கப் போறேன்? நான் பாட்டரியோட சரி.

மருமகள்: நான் தொப்பியோட சரி, அத்தை. ஃபியூஸ் எங்க இருக்குன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்!

மாமியார்: அப்போ யாரு...

மருமகள்: கார் சத்தம்! சீட்டை மூடுங்க! கை எல்லாம் கிரீஸ்!

மாமியார்: என் புடவையில தொடைச்சுக்கோ. மூஞ்சியைச் சோகமா வெச்சுக்கோ. இவ்வளவு வேணாம், சாவு வீடு மாதிரி இருக்கு. கொஞ்சமா.

மகன்: அம்மா! இன்னும் இங்கதான் இருக்கீங்களா? அவர் காரைத் திருப்பி நிறுத்திட்டு வர்றாரு. சீக்கிரம் சொல்லுங்க, ஸ்டார்ட் ஆச்சா?

மாமியார்: ஆகலடா கண்ணா.

மருமகள்: தலைகீழா நின்னு பார்த்துட்டோங்க. ஒரு முக்கல் முனகல் கூட இல்ல.

மகன்: அப்பாடா!

மாமியார்: என்னடா, அப்பாடாங்கற?

மருமகள்: ஏங்க, நாங்க இங்க வேர்த்து வழிஞ்சு நிக்கறோம். உங்களுக்கு நிம்மதியா இருக்கா?

மகன்: மெதுவாப் பேசுங்க, அவர் காதுல விழுந்துடப் போகுது... சொல்லிடறேன், திட்டாதீங்க. நீங்க ரெண்டு பேரும் வித்துடு வித்துடுன்னு உயிரை எடுத்தீங்க, சரின்னுட்டேன். ஆனா எனக்கு மனசே வரலம்மா. ஓட்ட நேரம் இல்லன்னாலும், அது இங்க நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் ஆபீஸ்ல நாளை ஓட்டறேன். நீங்க எவ்வளவு முட்டினாலும் ஸ்டார்ட் ஆகாது... காலையிலேயே ஃபியூஸைப் புடுங்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.